ஊர்தி ஆயுத விதிகள் (மேசைப் போர் விளையாட்டு)

சிற்றுருவங்களை மேசைமேல் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகளில், டாங்கி முதலிய ஊர்திகளில் பொருத்திய ஆயுதம் எத்திசையில், எந்நிலையில் சுடலாம் என வரையறுக்கும் விதிகள்.

பிரஷ்யாவில் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்ஸ்பீல் என்னும் போர்ப் பயிற்சி ஆட்டத்தில் ஐயங்களை நடுவர் தீர்த்தார். அந்நாட்டுப் படை அதிகாரி வெர்டி டு வெர்னுவா 1876இல் விதிகளைக் குறைத்து நடுவரின் பட்டறிவை முன்னிறுத்தினார். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் 'லிட்டில் வார்ஸ்' (1913) ஆட்டத்தில் சுருள்வில் பொம்மைப் பீரங்கி மெய்யாகவே குண்டு எறிந்தது. எது விழுந்ததோ அதுவே அடிபட்டது. பொழுதுபோக்காக ஆடும் சிற்றுருவப் போர் விளையாட்டின் தொடக்கம் வெல்ஸ்தான் என்பர் சிலர். ஃபிரெட் ஜேனின் கடற்போர் ஆட்டம் (1898) முந்தியது என்பர் வேறு சிலர்.

அதன்பின் மிகுதியாகப் பேசப்படுவது கேம்ஸ் வொர்க்ஷாப்பின் 'வார்ஹாமர் 40,000' (1987). அதன் இரண்டாம் பதிப்பில் (1993) குண்டு ஊர்தியின் எப்பகுதியில் பட்டது என்பதற்குத் தனி அட்டவணை இருந்தது. மூன்றாம் பதிப்பு (1998) முன், பக்கம், பின் என ஒவ்வொரு புறத்துக்கும் கவச எண் தந்தது. ஆயுத வலிமையோடு பகடை எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை கவசத்துக்குச் சமமானால் உரசல், மிஞ்சினால் துளைப்பு. எல்லாப் புறமும் 14 கவசமுள்ள லேண்ட் ரெய்டர் டாங்கியை, வலிமை 9 கொண்ட லாஸ்கேனன் ஆயுதம் துளைக்கப் பகடையில் 6 விழுந்தே ஆக வேண்டும்.

ஐந்தாம் பதிப்பில் (2008) விதிகள் மிக நுணுக்கமாயின. பார்வைக்கோடு ஆயுதம் பொருத்திய இடத்திலிருந்து குழல் வழியே செல்ல வேண்டும். மேற்கூண்டுத் துப்பாக்கி முழுவட்டம் சுழலும். உடலின் முன்புறத்தில் பதித்தது 45 பாகைக்குள் அடங்கும். ஸ்பான்சன் எனப்படும் பக்கக் கூடுகளுக்கு ஊர்தியின் உடலே தடை. இடப்பக்கம் நிற்கும் பகையை வலப்பக்கக் கூடு காணாது. ஆகவே இரண்டும் ஒருசேரச் சுட, ஆடுவோர் டாங்கியின் மூக்கை இலக்கை நோக்கித் திருப்பி நிறுத்தினர்.

குழலைப் பசையால் ஒட்டிவிட்ட பொம்மைக்கும் இப்பதிப்பு வழி சொன்னது: அது சுழலக்கூடியது என்றே கொள்ள வேண்டும். கைவினைஞரின் உழைப்பை ஆட்டத்தில் தண்டிக்காத நேர்த்தியான விதி இது. ஆனால் எவ்வளவு சுழலும் என்பதை மாதிரியின் வடிவத்தை வைத்தே கணிக்க வேண்டியிருந்ததால் சர்ச்சை ஓயவில்லை. நகர்ந்தபடி சுடுவதிலும் மாற்றம் வந்தது. 6 அங்குலம்வரை நகர்ந்த சாதாரண ஊர்தி ஒரு முதன்மை ஆயுதத்தோடு தற்காப்பு ஆயுதங்களையும் சுடலாம். குறித்த வலிமை வரம்புக்குள் அடங்குவதே தற்காப்பு ஆயுதம்; அவ்வரம்பு நான்காம் பதிப்பில் 6, ஐந்தாம் பதிப்பில் 4. இதனால் டாங்கிகள் பெரும்பாலும் அசையாமல் நின்றன எனக் குறைகூறியோர் உண்டு; காலாட்படைக்கு இடம் கிடைத்தது என ஏற்றோரும் உண்டு.

எட்டாம் பதிப்பு (2017) கவசப் புறங்களையும் சுடுகோணங்களையும் நீக்கியது. ஊர்தியின் எப்பகுதியிலிருந்தும் பார்வைக்கோடு இழுக்கலாம். ஆனால் அதே நிறுவனத்தின் 'ஹோரஸ் ஹெரஸி' ஆட்டத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு பழைய கவச எண்களைத் தொடர்ந்தது.