நெகட்டிவ் பெட்டியும் நான் பூட்டிய கணனியும்

வத்தளையில் என் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருக்கிறது. அதனுள் இருப்பவை 1970களில் நான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் நெகட்டிவ்கள். அவற்றுக்காகவே 2006இல், ஓய்வுபெற்ற கையோடு, ஒரு கணனியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினேன்.

அந்தக் காலத்துப் பத்திரிகை அலுவலகத்தில் ஒரு படத்தின் ஆயுள் ஒரு நாள்தான். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே கழுவி, ஹைப்போவில் நிலைநிறுத்தி, ஈரம் காயுமுன் பிரதியைப் பிளாக் செய்பவரிடம் கொடுப்போம். அவர் அதைப் புள்ளிகளாக உடைத்துத் துத்தநாகத் தகட்டில் பொறித்துத் தருவார். மறுநாள் தகடு பழைய உலோகக் குவியலுக்குப் போகும். நான் பணியாற்றிய இடமொன்றில், இடம் போதவில்லை என்று நெகட்டிவ்களையும் அவ்வப்போது எறிந்தார்கள். எறிந்தவற்றிலிருந்து நான் பொறுக்கியெடுத்தவையே இப்பெட்டியில் உள்ளவை.

எறியாமல் காத்தவற்றுக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகத்தில் அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி நாம் பேசுகிறோம். ஒரு பத்திரிகை அலுவலகத்தோடு எத்தனை முகங்கள் எரிந்திருக்கும் என்பதை எவரும் எண்ணவில்லை.

அதற்குப் பத்து வாரங்கள் கழித்து, 1981 ஆகஸ்ட் 12 அன்று, அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனம் தனது தனியாள் கணனியை வெளியிட்டது. அவசரமாகச் செய்ததால் சந்தையில் கிடைத்த பாகங்களையே பெரிதும் பயன்படுத்தியது. அமைப்பு விவரங்களையும் நூலாக வெளியிட்டது. பிறருக்கு எட்டாதிருந்தது பயோஸ் என்னும் தொடக்க மென்பொருளே. அடுத்த ஈராண்டுக்குள் கொம்பாக் போன்ற நிறுவனங்கள் அதற்கு ஈடானதைத் தாமே எழுதிக்கொண்டன. அன்று திறந்த கதவினால்தான் கால் நூற்றாண்டுக்குப் பின் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில், ஒரு கடையில் தாய்ப்பலகையும் இன்னொரு கடையில் நினைவகமும் வாங்கி, இரண்டும் பொருந்தும் என்று நம்பி என்னால் வீடு திரும்ப முடிந்தது.

கடையிலிருந்த தம்பி விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டையொன்றைக் காட்டி, “படவேலை என்றால் இது கட்டாயம், அங்கிள்” என்றான். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. போட்டோஷொப் அவ்வட்டையின் வலுவைப் பயன்படுத்தத் தொடங்கியது 2008இல்தான். எனக்கு வேண்டியிருந்தது நினைவகம். கணக்கு எளிது. 6×6 சென்ரிமீற்றர் நெகட்டிவ் ஒன்றை அங்குலத்துக்கு 2,400 புள்ளிகள் வீதம் ஸ்கான் செய்தால் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் வைத்தால் 56 மெகாபைட். திருத்தும்போது அடுக்குகளும், பின்வாங்குவதற்கான பழைய நிலைகளும் சேர, அது பல மடங்காகும். ஆகவே 2 கிகாபைட் நினைவகமும், இரண்டு வன்தட்டுகளும், மின்வெட்டுக்கு அஞ்சி ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கினேன். திரைக்கு மட்டும் பழைய கண்ணாடிக்குழாய் மொனிட்டரையே வைத்துக்கொண்டேன். அன்றைய மலிவான தட்டைத் திரைகளில், தலையைச் சற்று அசைத்தாலே சாம்பல் நிறத்தின் அளவு மாறிவிடும்.

2007இல் டொரொன்டோவிலிருந்து ஓர் அம்மா வந்தார். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் அவருடைய வீடு எரிந்தது, அல்பங்களும் எரிந்தன. உடுத்த சேலையோடு கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனவர். கணவர் பின்னர் காலமானார். 1970களில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவை நான் படமெடுத்ததும், அதில் அவர் கணவர் நின்றதும் அவருக்கு நினைவிருந்தது. “இருந்தால் பாருங்கோ, தம்பி” என்றார்.

படம் இருந்தது. ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் வளர்ந்த பூஞ்சணம் அந்த மனிதரின் வலது கண்ணைத் தின்றிருந்தது.

கீறல்களையும் தூசியையும் மூன்று இரவுகளில் அகற்றினேன். கண்ணுக்கு வந்தபோது கை நின்றது. இடது கண்ணைப் பிரதியெடுத்துத் திருப்பி ஒட்டினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அது அவருடைய கண்ணாகுமா? 1982 பெப்ரவரியில் நெஷனல் ஜியோகிராபிக் இதழ், அட்டையின் உயரத்துக்குப் பொருந்தும்படி கீசாவின் பிரமிட்டுகளைக் கணனியால் அருகருகே நகர்த்திய கதை பத்திரிகையாளர்களுக்குத் தெரியும். பிரமிட்டுகள் இன்றும் பாலைவனத்தில் நிற்கின்றன, போய்ச் சரிபார்க்கலாம். இந்த மனிதரின் முகத்தை எங்கே போய்ச் சரிபார்ப்பது? இந்த நெகட்டிவ் ஒன்றே சாட்சி.

முடிவில் இரண்டு பிரதிகள் எடுத்தேன்: ஒன்று கண் இல்லாதது, மற்றது கண் வைத்தது. இரண்டாவதன் பின்புறத்தில் ‘வலது கண் என்னால் சேர்க்கப்பட்டது’ என்று பென்சிலால் எழுதினேன். அவர் கண் வைத்ததை நெடுநேரம் பார்த்தார். “வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் அவருக்கு அந்தக் கண் கொஞ்சம் சின்னன்” என்றார். நான் வெட்கப்பட்டேன். அவர் சொன்னபடி சற்றுச் சிறிதாக்கி மீண்டும் அச்சிட்டுக் கொடுத்தேன். சுவரில் மாட்டுவதற்கு அதை எடுத்துக்கொண்டார். பழுதான பிரதியைத் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

என் வாழ்நாளில் எத்தனையோ செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். ஒரு முகத்தை, அதை அறிந்தவரின் சொல்லை நம்பித் திருத்தியது அந்த ஒருமுறைதான். அது ஆவணமா, ஆறுதலா என்று கேட்டால் ஆறுதல் என்றே சொல்வேன். ஆறுதலை ஆவணமென்று பெயரிட்டு வைப்பதுதான் பிழை.

அன்று முதல் ஒரு விதியை வைத்திருக்கிறேன். ஸ்கான் செய்த முதற்கோப்பில் கைவைப்பதில்லை; திருத்தம் எல்லாம் நகலில்தான். சேர்த்தது எது என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுவேன். 2011இல் வன்தட்டுகளில் ஒன்று ஒரு காலையில் சத்தமிட்டு நின்றது. மற்றதில் எல்லாம் இருந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது முதலில் பெட்டியையும், பிறகே கணனியையும் மேலே ஏற்றினேன். அந்தக் கணனி இன்று இல்லை. அதன் பின் இரண்டு கணனிகள் வந்துவிட்டன.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். அதை ஸ்கான் செய்யுங்கள். படத்தில் இருப்போரின் பெயர்களை, அவர்களை அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். ஸ்கான் செய்தாயிற்றே என்று நெகட்டிவ்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.