அம்மி கொத்துகிறவர்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையில் கடைக்குக் கடை பிள்ளையார், புத்தர், நந்தி. அவற்றின் காலடியில் ஓரமாக அம்மியும் குழவியும் கிடக்கும். உள்ளங்கையில் அடங்கும் பொம்மை அம்மிகூட உண்டு. சுற்றுலா வந்தவர்கள் வாங்கிப்போவார்கள். அரைக்கிற அம்மி வேண்டுமென்று கேட்டால்தான் கடைக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார். கேட்கிறவன் பணி ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் சின்னம்மா. "கையால தேய்க்காதப்பா, இடுப்புலேருந்து தள்ளு" என்பதுதான் முதல் பாடம். மீன் குழம்புக்கு முதலில் காய்ந்த மிளகாயும் கல்லுப்பும். உப்பின் முனை மிளகாயைக் கிழிக்கும். பிறகு தனியா, சீரகம். தேங்காயை முன்னால் வைத்தால் எண்ணெய் கசிந்து மற்றது வழுக்கிவிடும். அதனால் அது கடைசிக்குச் சற்று முன்பு. வெங்காயம் கடைசி. தண்ணீரை ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். ஓரத்துக்கு ஒதுங்கியதை வழித்து நடுவே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சமையலை ஏட்டில் படிக்க 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வழிசெய்தது. ஆனால் இடுப்பு வாகு புத்தகத்தில் வருகிற சங்கதி அல்ல.

அந்தப் புத்தகம் வந்து நாலு வருஷத்தில், 1955-ல், கோவையில் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைச் செய்தார் என்பார்கள். மாவாட்டுவதில் கழிந்த சாயங்காலங்கள் பெண்களுக்குத் திரும்பக் கிடைத்தன. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டில் மாவாட்டியது நானல்ல, என் அம்மா. 2011 செப்டம்பரில் அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டம் தொடங்கியதும் குடிசை வீட்டு அம்மியும் கொல்லைக்குப் போயிற்று, துணி துவைக்க.

அரைக்கும் வேலை குறைந்தது நல்லதே. கூடவே இன்னொரு தொழில் காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. அம்மி அரைக்க அரைக்க மழமழவென்று ஆகிவிடும். பிறகு மிளகாய் நசுங்குமே தவிர அரையாது. "அம்மி கொத்தலியோ, அம்மி" என்று கூவிக்கொண்டு உளியும் சுத்தியலுமாக ஒருவர் வருவார். வாசலில் குந்தி, நெல்லளவுப் புள்ளிகளாகக் கல் முழுக்கக் கொத்துவார். ஆழம் அதிகமானால் மசாலா உள்ளே தங்கிப் புளிக்கும்; குறைந்தால் சீக்கிரமே வழுக்கிவிடும். பல ஊர்களில் இந்த வேலை கல்லுடைக்கும் போயர்களுடையது. தெய்வத்தைச் செதுக்கும் ஸ்தபதிகளின் உளிக்கு 1957-ல் மாமல்லபுரத்திலேயே அரசுப் பயிற்சிக்கூடம் அமைந்தது. அதுதான் வளர்ந்து இன்றைய சிற்பக் கல்லூரி. வரவேண்டிய கல்லூரிதான். அம்மி கொத்தும் உளிக்கு அப்படி ஒரு பள்ளிக்கூடம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பல்லவச் சிற்பிக்கு இந்தப் பேதம் அவ்வளவாக இருந்ததாகத் தெரியவில்லை. கிருஷ்ண மண்டபத்துப் பாறையில் மலையைத் தூக்கிய கண்ணனுக்குப் பக்கத்திலேயே ஒருவன் பால் கறக்கிறான், பசு கன்றை நக்குகிறது, ஒரு பெண் பானைகளைச் சுமக்கிறாள். ஏழாம் நூற்றாண்டின் வீட்டு வேலை, தெய்வத்தின் அளவுக்கே கவனமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அம்மி அரைக்கிறவளையும் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

என் அம்மியைக் கொத்தித் தந்தவர் நந்தி செதுக்குகிற ஒரு சிற்பிதான். அவருடைய அப்பா அம்மியும் கொத்துவாராம். மின் கருவியைத் தொடாமல் பழைய உளியைத் தேடி எடுத்தார். அரை நாள் கூலி கேட்டார், கொடுத்தேன். கொத்திய கல்லில் முதலில் தவிட்டை அரைத்துக் கொட்டச் சொன்னார், அடுத்து ஊறவைத்த அரிசியை. அந்த அரிசியை விரலால் தடவிப் பார்த்து, கல்பொடி நெருடாமல் ஆகும்வரை திரும்பத் திரும்ப அரைத்துக் கொட்டவேண்டும். அதன் பிறகே மிளகாயும் உப்பும்.