நடுக்கடலில் பிறந்த கொள்ளுத்தாத்தா: பூர்வீக ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில்தான் வந்தாங்க. 1911 வரை சுமார் 1.5 லட்சம் இந்தியர்கள் இப்படிப் போனார்கள். வழியிலேயே பிறந்த குழந்தைகளும் உண்டு.

பிறப்புச் சான்றிதழ் கிடைக்குமா?

வாய்ப்பு குறைவு. சென்னை மாகாணத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1899-ல்தான் வந்தது. பிறந்ததோ எந்த ஊரிலும் இல்லை, கடலில்!

அப்போ என்ன செய்யலாம்?

குழந்தையைத் தேடாதீங்க, தாயைத் தேடுங்க. கப்பல் பட்டியலில் ஒவ்வொரு தொழிலாளருக்கும் ஒரு எண் உண்டு. அதோடு தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடல் அடையாளமும் இருக்கும்.

- முதலில் குடும்பத்தின் பழைய திருமண, இறப்புப் பதிவுகளில் அந்த எண் இருக்கான்னு பாருங்க.
- அதை வைத்து டர்பன் ஆவணக் காப்பகத்தில் கப்பல் பட்டியலைத் தேடலாம்.

எதில் கவனம் தேவை?

பெயர்களைக் காதில் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். ஊர்ப் பெயரும் அப்படித்தான். அதனால் எழுத்தைப் பார்க்காமல், வாய்விட்டுப் படித்துப் பாருங்க. ஊர் பிடிபடும்.