மஃபர்: கரைக்கு யார் வைத்த பெயர்?

தண்ணீரூற்றில் தரம் 10 பிள்ளைகளுக்கு இடப்பெயர்கள் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முல்லைத்தீவு தீவல்ல, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் என்பதால் பார்த்தவனுக்குத் தீவாகத் தெரிந்திருக்கலாம் என்றேன். பேச்சு அப்படியே தமிழகக் கரைக்குப் போனது. அக்கரையை அரபிகள் மஃபர் என்றார்கள், ‘கடக்கும் இடம்’ என்று பொருள் என்றதும் ஒரு மாணவி எழும்பினாள்: “அப்ப சேர், எங்கட ஆக்களும் கடந்து வந்தவங்கதானா?”

அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

அரபியில் ‘அபர’ என்றால் கடந்தான். அதிலிருந்து மஃபர்: கடவை, துறை. இலங்கைக்குக் கடக்கும் துறை என்பதால் வந்த பெயர் என்றும் ஒரு விளக்கமுண்டு. மஃபர் கொல்லத்திலிருந்து நெல்லூர் வரை நீண்டதென்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதினார். மலபார் வேறு, மஃபர் வேறு. பாரசீக வளைகுடாக் குதிரைகள் காயலில் இறங்கின. பாண்டியனின் அமைச்சராகத் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் இருந்தார். 1344இல் இப்னு பதூதா பாவாதமலையைத் தரிசித்து, புத்தளத்தில் கப்பலேறி மஃபருக்குப் போனார். கரைக்குக் கிட்டக் கப்பல் உடைந்தது. அவரை வரவேற்ற மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலர்.

ஆக, அந்தப் பெயர் கப்பற்காரன் வைத்தது. கடலிலிருந்து பார்த்தவனுக்கு அது கடவை. கரையிலே பள்ளி கட்டி, பெண் கொடுத்து, பெண் எடுத்து, தமிழ் பேசி வாழ்ந்தவனுக்கு அது ஊர்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்ததும் அதே புத்தளம்தான். அங்கே எங்களுக்குப் பெயர் ‘அகதி’. யுத்தம் முடிந்து திரும்பி வந்து வாப்பாவின் காணியைத் தேடியபோது, “நீங்கள் எப்ப வந்தனீங்கள்?” என்று கேட்டார்கள். இரண்டு பெயரையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

படிப்பினைக்கு அரபியில் ‘இப்ரத்’ என்பார்கள். சூறா யூசுபின் கடைசி வசனத்தில் வரும் சொல் அது. அதற்கும் ‘அபர’தான் வேர். ஊரிலிருந்து பிரிக்கப்பட்டவரின் வரலாறு அந்தச் சொல்லோடு முடிவது எனக்கு ஆறுதல்.

அந்தப் பிள்ளைக்கு இனிச் சொல்வேன்: “ஓம் மகள், கடந்து வந்தவங்களும் எங்கட முன்னோரில இருந்திருப்பாங்க. ஆனா உன்ர வாப்பாட வாப்பா அடங்கியிருக்கிற மையவாடி இந்த மண்ணிலதான் இருக்கு.”