தாய்க் கொசுவுக்கு ஒரு கறுப்பு ஜாடி

வெளிப்புறம் கறுப்பு பூசிய ஒரு கண்ணாடி ஜாடி. அடியில் கொஞ்சம் தண்ணீர். விளிம்பில் செருகிய, ஒரு பக்கம் சொரசொரப்பான அட்டைப்பட்டை. டெங்கியைக் கண்காணிக்கும் கருவிகளில் மிக எளிமையானது இதுதான். இதன் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசுவை நாட்டை விட்டே ஒழித்துவிட வேண்டும் என்று 1964இல் அங்கே ஓர் இயக்கம் தொடங்கியது. கொசு உண்மையிலேயே போய்விட்டதா, ஒளிந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது? வீடு வீடாகப் போய்க் கொசுப் புழு தேடும் ஆள், கூரை வடிகாலையும் மரப்பொந்தையும் தவறவிட்டுவிடுவார். தேடிப் போவதை விட, கொசுவையே வரவழைத்துவிடலாம் என்று ஃபே, எலியாசன் ஆகிய ஆய்வாளர்கள் 1966இல் இந்த ஜாடியை முன்வைத்தார்கள்.

ஜாடியின் ஒவ்வோர் அம்சமும் தாய்க் கொசுவின் விருப்பத்தைக் கேட்டுச் செய்தது. அதற்கு இருண்ட இடம் பிடிக்கும். ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரம் படிந்த சுவரில்தான் இடும். சொரசொரப்பு இருந்தால் இன்னும் நல்லது. எல்லா முட்டைகளையும் ஒரே இடத்தில் வைக்காமல் பல பாத்திரங்களில் பிரித்து வைக்கும். அதனால் அக்கம்பக்கத்தில் வேறு தண்ணீர் இருந்தாலும் ஜாடிக்கும் சில வந்து சேரும். குறிப்பிட்ட நாள் கழித்துப் பட்டையை எடுத்து, நுண்ணோக்கியில் கறுத்த முட்டைகளை எண்ணினால் போதும். அந்த ஒழிப்பு இயக்கம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. ஜாடி பிழைத்துக்கொண்டது.

அதற்கு இரண்டாம் பிறவி கொடுத்த ஊர் சிங்கப்பூர். 1966இல் அங்கே சோதித்த இடங்களில் ஏறத்தாழ பாதியில் ஏடிஸ் பெருக்கம் இருந்தது. 1968இல் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கச் சட்டம் வந்தது. வீடுகள் சோதிக்கப்பட்டன, தண்ணீர் தேங்கவிட்டவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1970களில் ஏடிஸ் பெருகிய இடங்கள் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தன. ஆனால் ஜாடியில் ஓர் ஆபத்து இருந்தது. எடுக்க மறந்தால் அதுவே கொசுப் பண்ணையாகிவிடும். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட வடிவம் இதற்கு விடை கண்டது: தண்ணீரில் மிதக்கும் ஒரு கம்பிவலை. பொரிந்த புழு வலைக்கண் வழியாகக் கீழே இறங்கும். வளர்ந்து சிறகு முளைத்த கொசுவால் மேலே வர முடியாது, அடியிலேயே மூழ்கிச் சாகும். அப்போதைய பாய லேபார் விமான நிலையத்தில் ஏடிஸை விரட்ட இந்தப் பொறியைத்தான் பயன்படுத்தினார்கள்.

அடுத்த மாற்றம் போர்ட்டோ ரீகோவின் சான் ஹுவான் நகரில் நடந்தது. உலர்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்த நாறும் நீரை ஒரு ஜாடியிலும், பத்தில் ஒரு பங்காக நீர்த்ததைப் பக்கத்து ஜாடியிலும் ஊற்றி வைத்தார்கள். 1991இல் வெளியான முடிவின்படி, குழாய்த் தண்ணீர் ஊற்றிய ஒற்றை ஜாடியை விட இந்த ஜோடிக்கு எட்டு மடங்கு முட்டைகள் கிடைத்தன. நமக்கு மூக்கைப் பொத்த வைக்கும் வாடைதான் கொசுவுக்கு, இங்கே குஞ்சுகளுக்கு உணவு உண்டு என்ற செய்தி.

இதற்கிடையே சிங்கப்பூரில் கவலை தரும் ஒன்று நடந்தது. புழு உள்ள வீடுகளின் கணக்கு நூற்றுக்கு இரண்டை ஒட்டியே நிற்க, 1980களின் பிற்பாதியிலிருந்து டெங்கி திரும்பி வந்து ஏறிக்கொண்டே போனது. நீண்ட காலம் நோய் குறைவாக இருந்ததால் மக்களின் எதிர்ப்பாற்றலும் குறைந்திருந்தது, அது ஒரு காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஒரு வீட்டில் புழு இருந்தது என்ற கணக்கு, அந்தப் பேட்டையில் எத்தனை தாய்க் கொசுக்கள் பறக்கின்றன என்பதைச் சொல்லாது. மனிதரைக் கடிப்பது புழு இல்லையே.

இந்த இடத்தில்தான் ஜாடி தன் வேலையையே மாற்றிக்கொண்டது. கிராவிட்ராப் என்ற புதிய பொறியிலும் அதே கறுப்பு, அதே புல் ஊறிய தண்ணீர், அதே கம்பிவலை. உள்சுவரில் மட்டும் பசை தடவிய தாள் ஒன்று கூடுதல். முட்டையிட வந்த கொசு அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆக, இப்போது எண்ணப்படுவது முட்டை இல்லை, கொசு. முட்டை சுமக்கும் கொசு ஏற்கெனவே இரத்தம் குடித்த கொசு, டெங்கிக் கிருமியைச் சுமக்க வாய்ப்புள்ள கொசு. ஒட்டியவற்றை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் உள்ளே கிருமி இருக்கிறதா என்றும் பார்க்க முடிகிறது.

2017இல் சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் சுமார் 50,000 பொறிகளை வைத்து முடித்தது. தாழ்வாரத்தில் கறுப்புக் குவளையைப் பார்க்கும் குடியிருப்பாளர், இதுவே கொசுவை வளர்க்கிறதோ என்று பயப்படலாம். நியாயமான பயம்தான், அதற்குத்தான் அந்த வலை. ஊழியர்கள் தவறாமல் வந்து தாளைப் பார்த்து, ஒட்டிய கொசுக்களை எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். பெயர் வெளியே தெரியாத இந்த வேலைதான் மொத்த ஏற்பாட்டையும் தாங்குகிறது என்று நினைக்கிறேன். பொறி இல்லாவிட்டால் நோயாளிக் கணக்கைத்தான் நம்ப வேண்டும்: 150 மீட்டருக்குள், 14 நாட்களுக்குள் இரண்டு பேருக்காவது நோய் வந்தால்தான் அது டெங்கிக் குழுமம். அப்படியானால் குழுமத்துக்காகக் காத்திருப்பது, மனிதர் நோயில் விழக் காத்திருப்பது. டெங்கி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரிவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கொசு எண்ணிக்கை ஏறும் புளோக்கை முன்கூட்டியே காட்டுகிறது பொறி. அது இருந்தும் 2020இல் 35,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்தது. எச்சரிக்கை கிடைப்பது ஒன்று, அத்தனை வீடுகளிலும் தண்ணீர் கொட்டப்படுவது வேறொன்று.

2016 முதல் பொறிக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களைச் சிங்கப்பூர் வெளியே விடத் தொடங்கியது. அவற்றோடு கூடும் பெண் கொசுவின் முட்டைகள் பொரிவதில்லை. தெம்பனிஸ், யீஷூன் வட்டாரங்களில் ஏடிஸ் எஜிப்டை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததைச் சொன்னவை கிராவிட்ராப் கணக்குகளே. அங்கே பழைய ஜாடியை வைத்து முட்டையை மட்டும் எண்ணியிருந்தால் கணக்கு ஏமாற்றியிருக்கும். பெண் கொசு முட்டையிடத்தான் செய்யும். பொரியாத முட்டையும் பட்டையில் மற்றவற்றோடு முட்டையாகவே எண்ணப்பட்டிருக்கும்.