மின்னணு தொலைவுமானிகளின் வரலாறு

மின்னணு தொலைவுமானி என்பது ஒளி அலையையோ வானொலி அலையையோ அனுப்பி, அது சென்று திரும்புவதைக் கொண்டு இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவைக் கணக்கிடும் நில அளவைக் கருவி ஆகும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது பயன்பாட்டுக்கு வந்தபின் நில அளவையின் முறையே மாறியது.

சங்கிலிக் காலம்

முன்பு கோணத்தை அளப்பது எளிது. நெடுந்தொலைவை அளப்பதுதான் கடினம். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிப்படைக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையையும் குறிக்க வேண்டியிருந்தது. பணி பல வாரங்கள் நீடித்தது. எனவே ஒரு பக்கத்தை மட்டும் நேரில் அளந்து, மற்றவற்றைத் தியோடலைட் காட்டும் கோணங்களிலிருந்து கணக்கிடும் முக்கோண அளவை முறையே வழக்கில் இருந்தது.

ஒளியும் நுண்ணலையும்

சுவீடன் நாட்டு எரிக் பெர்க்ஸ்ட்ராண்ட் 1940களில் ஒளியின் வேகத்தைத் துல்லியமாக அறிய முயன்றார். தொலைவு தெரிந்தால் வேகத்தைக் காணலாம். வேகம் தெரிந்தால் தொலைவைக் காணலாம். இவ்வாறு பிறந்ததே ஜியோடிமீட்டர். ஒளியின் செறிவைச் சீராக ஏற்றியிறக்கி அனுப்பி, திரும்பும் அலையின் கட்ட வேறுபாட்டை அது அளந்தது. தொடக்ககாலக் கருவிகள் எடை மிக்கவை. பகல் வெளிச்சம் இடையூறு செய்ததால் பெரும்பாலும் இரவிலேயே பயன்பட்டன.

1950களில் தென்னாப்பிரிக்காவின் டிரெவர் வாட்லி நுண்ணலையில் இயங்கும் டெலுரோமீட்டரை உருவாக்கினார். கோட்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கருவி வைக்கப்பட்டது. பகலிலும் மூடுபனியிலும் பல பத்து கிலோமீட்டர் தொலைவை இதனால் அளக்க முடிந்தது.

டோட்டல் ஸ்டேஷன்

1960களின் இறுதியில் அகச்சிவப்புக் கதிர் உமிழும் குறைகடத்தி டையோடுகள் கருவியின் அளவைக் குறைத்தன. 1970களில் தொலைவுமானி, மின்னணு தியோடலைட், கணிப்பான் மூன்றும் ஒன்றிணைந்து 'டோட்டல் ஸ்டேஷன்' ஆயின. எதிர்முனையில் முப்பட்டகக் கண்ணாடி பொருத்திய கோலை நிறுத்தினால் போதும். கோணமும் தொலைவும் சில நொடிகளில் பதிவாகும். 1995இல் முழு இயக்கத்துக்கு வந்த ஜிபிஎஸ், ஒன்றையொன்று காண முடியாத புள்ளிகளையும் இணைத்தது.

மாறாத தேவைகள்

காற்றின் வெப்பநிலையும் அழுத்தமும் அலையின் வேகத்தை மாற்றுகின்றன. 1 பாகை செல்சியசு பிழை, கிலோமீட்டருக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் பிழையைத் தரும். லாம்டன் சங்கிலிக்குச் செய்த வெப்பத் திருத்தம் இன்று காற்றுக்குச் செய்யப்படுகிறது. மேலும், கருவி தருவது அளவை மட்டுமே. எல்லைக்கல் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பழைய புலப்படமும் ஆவணங்களுமே உறுதி செய்கின்றன.