கருவிகளில் இறுகிய கான்கிரீட்டை அகற்றுதல்: உடல்நலப் பாதிப்புகளும் பாதுகாப்பு முறைகளும்

கொத்துக் கரண்டி, மண்வெட்டி, பாண்டுச் சட்டி, சென்ட்ரிங் தகடு, கலவை இயந்திரம் ஆகியவற்றில் ஒட்டிய கான்கிரீட் சில மணி நேரத்தில் இறுகத் தொடங்குகிறது. அதைத் தட்டியும், தேய்த்தும், அமிலம் ஊற்றியும் அகற்றுவது கட்டுமானத் தொழிலில் அன்றாட வேலை. இவ்வேலையால் தோல், கண், நுரையீரல் ஆகிய மூன்றும் பாதிக்கப்படக்கூடும். சில பாதிப்புகள் உடனே தெரியும். சில பல ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்படும். இப்பக்கம் இவ்வேலையைச் செய்பவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் உரியது.

பாதிப்பு எவற்றால் ஏற்படுகிறது?

1. தூசி
கான்கிரீட்டில் உள்ள மணலிலும் ஜல்லியிலும் சிலிகா என்னும் கனிமம் உள்ளது. உலர்ந்த கான்கிரீட்டைக் கிரைண்டர் கொண்டு தேய்க்கும்போதும், உளியால் கொத்தும்போதும் இது நுண்தூசியாக வெளிப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துகள்களே நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. அவை அங்கே தங்கித் தழும்புகளை உண்டாக்குகின்றன. இந்நோய் சிலிகோசிஸ் எனப்படும். இத்தழும்புகளை நீக்க மருந்து இல்லை. படிக சிலிகாத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது.

2. காரம்
ஈரமான சிமென்ட் கலவையின் காரத்தன்மை மிக அதிகம். அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 12 முதல் 13 வரை இருக்கும். கருவிகளைக் கழுவிய நீரிலும் இக்காரம் கலந்திருக்கும். சிமென்ட் பட்ட இடத்தில் முதலில் வலி தெரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்தே எரிச்சலும் கொப்புளமும் தோன்றலாம். காலணிக்குள் புகுந்த கழுவுநீரும், முழங்காலில் ஊறிய கலவையும் இவ்வாறு ஆழமான புண்ணை உண்டாக்கும். மேலும், சிமென்டில் உள்ள குரோமியம் சிலருக்கு நாட்பட்ட ஒவ்வாமைத் தோல் அழற்சியை ஏற்படுத்துகிறது.

3. அமிலம்
கான்கிரீட்டைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுத்தப்படுகிறது. கடைகளில் இது வெறுமனே ‘ஆசிட்’ என்ற பெயரில் கிடைக்கிறது. இது தோலையும் கண்ணையும் அரிக்கும். இதன் ஆவி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். இரும்பு, துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றுடன் சேரும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். பிளீச்சிங் பவுடருடன் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும்.

4. தெறிக்கும் துண்டுகள்
சுத்தியலால் தட்டும்போது கான்கிரீட் சில்லுகளும், உளியின் சிதைந்த தலையிலிருந்து இரும்புத் துணுக்குகளும் தெறிக்கும். வேகமாக வரும் இரும்புத் துணுக்கு அதிக வலியின்றியே கண்ணுக்குள் புகுந்துவிடக்கூடும்.

பாதுகாப்பாக அகற்றும் முறை

இறுகும் முன் கழுவுவதே சிறந்த வழி. அப்போது உளி, கிரைண்டர், அமிலம் ஆகிய மூன்றின் தேவையும் பெருமளவு குறைகிறது.

• வேலை தொடங்கும் முன் கருவியின் உலோகப் பகுதியில் மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள்.
• வேலையிடத்தில் ஒரு வாளி நீர் வைத்து, இடைவேளைதோறும் கருவிகளைக் கழுவுங்கள். நீண்ட பிடியுள்ள பிரஷைப் பயன்படுத்துங்கள். கழுவுநீரில் வெறுங்கையை விடாதீர்கள்.
• இறுகிவிட்ட படிவை முதலில் நீரில் நனையுங்கள். பின்னர் சுரண்டியாலும் கம்பி பிரஷாலும் அகற்றுங்கள். காய்ந்தால் மீண்டும் நனையுங்கள்.
• சிறு கருவிகளில் உள்ள மெல்லிய படிவை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து இளக்கலாம். பின்னர் நன்கு கழுவி, உலர்த்தி, துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவுங்கள்.
• மின் கருவிகளைத் தூசி உறிஞ்சும் அமைப்புடனோ, நீர் பாய்ச்சிப் பயன்படுத்துமாறு வடிவமைக்கப்பட்டவையாகவோ மட்டுமே பயன்படுத்துங்கள். சாதாரண கிரைண்டரில் நீர் ஊற்றினால் மின்னதிர்ச்சி ஏற்படலாம்.
• கலவை இயந்திரத்தின் மின் இணைப்பையோ எஞ்சினையோ முழுமையாகத் துண்டித்த பின்னரே அதனுள் கையை விடுங்கள். வேறு எவரும் அதை இயக்க முடியாதவாறு பூட்டி வையுங்கள்.
• கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, நீர் புகாத ரப்பர் கையுறை, நீண்ட காலணி, முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் ஆகியவற்றை அணியுங்கள்.

அமிலத்தை இயன்றவரை தவிர்த்திடுங்கள். தவிர்க்க இயலாதபோது திறந்தவெளியில், தீயிலிருந்து விலகி, பாதுகாப்புக் கண்ணாடியும் அமிலம் தாங்கும் கையுறையும் அணிந்து பயன்படுத்துங்கள். என்95 முகக்கவசம் அமில ஆவியைத் தடுக்காது. நீர்த்துப்போகச் செய்யும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது.

முதலுதவி

கண்ணில் சிமென்டோ அமிலமோ பட்டால்: உடனே ஓடும் தூய நீரில் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவுங்கள். இமைகளை விரல்களால் விரித்துப் பிடியுங்கள். கழுவுவதே முதல் சிகிச்சை; மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலும் இயன்றால் தொடருங்கள். எரிச்சல் தணிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணுக்குள் துண்டு பாய்ந்தால்: கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. துண்டைப் பிடுங்கக் கூடாது. காகிதக் குவளை போன்ற ஒன்றால் கண்மீது படாதவாறு மூடி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தோலில் பட்டால்: உலர்ந்த சிமென்டை முதலில் தட்டிவிடுங்கள். நனைந்த உடையையும் காலணியையும் கழற்றி, 20 நிமிடங்களுக்குக் குறையாமல் நீரில் கழுவுங்கள். சிமென்ட் புண்ணுக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ, அமிலப் புண்ணுக்குச் சுண்ணாம்போ தடவாதீர்கள். பற்பசை, மை, மஞ்சள் ஆகியவற்றையும் தவிர்த்திடுங்கள்.

அமில ஆவியைச் சுவாசித்தால்: பாதிக்கப்பட்டவரைத் தூய காற்றுள்ள இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரக்கூடும். எனவே மருத்துவக் கண்காணிப்பு தேவை.

அமிலத்தைக் குடித்துவிட்டால்: வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாயைக் கழுவிவிட்டு, உடனே 108 எண்ணை அழையுங்கள். அமிலப் புட்டியை மருத்துவரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல்
• முன்பு எளிதாக ஏறிய படிகளில் மூச்சு வாங்குதல்
• எடை குறைதல், மாலைநேரக் காய்ச்சல், சளியில் இரத்தம்
• கைகளில் ஆறாத வெடிப்பு, அரிப்பு, தடிப்பு
• தட்டும் வேலைக்குப் பின் பார்வை மங்குதல் அல்லது கண் சிவத்தல்

மருத்துவரிடம் உங்கள் தொழிலைத் தவறாமல் கூறுங்கள். எத்தனை ஆண்டுகள் இவ்வேலை செய்தீர்கள், தூசியில் இருந்தீர்களா என்பதையும் தெரிவியுங்கள். சிலிகோசிஸ் நோயின் அறிகுறிகள் காசநோயை ஒத்திருப்பதால், ஒன்று மற்றொன்றாகக் கருதப்படுவது உண்டு. சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். ஆகவே சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்-ரே, தொழில் விவரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே சரியான நோயறிதலுக்கு உதவுகின்றன. காசநோய் மருந்து உட்கொள்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

• தூசி படிந்த வேலை உடைகளை வீட்டிற்குள் உதறாதீர்கள். நனைத்த பின், மற்ற துணிகளுடன் சேர்க்காமல் துவையுங்கள்.
• அமிலத்தைக் குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதி, பூட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.
• சிலிகோசிஸ் உள்ளவர் வீட்டில் விறகுப் புகை, கொசுவர்த்திப் புகை ஆகியவற்றைக் குறைத்திடுங்கள். அவர் புகைபிடிப்பதை நிறுத்த உதவுங்கள்.
• நுரையீரல் நோய் உள்ளவருக்கு எந்தத் தடுப்பூசிகள் தேவை என மருத்துவரிடம் கேளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாதா?
போதாது. பெரிய துகள்களையே துணி தடுக்கும். நுரையீரலைப் பாதிக்கும் நுண்துகள்கள் அதனூடே எளிதில் நுழைந்துவிடும்.

பல ஆண்டுகளாக இவ்வேலை செய்தும் எனக்கு ஒன்றும் நேரவில்லையே?
நாட்பட்ட சிலிகோசிஸ் பொதுவாக 10 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தூசியைச் சுவாசித்த பின்னரே வெளிப்படுகிறது. அறிகுறி இல்லாதது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஒருமுறையேனும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நோய் கண்டறியப்பட்டபின் என்ன செய்ய வேண்டும்?
தூசியுள்ள வேலையிலிருந்து விலகுவதே முதன்மையானது. விலகிய பின்னரும் நோய் சிலருக்கு முற்றக்கூடும் என்பதால் தொடர் மருத்துவக் கண்காணிப்பு அவசியம். மூச்சுப் பயிற்சியும் மருந்துகளும் அறிகுறிகளைத் தணிக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துள்ளவர்கள், தமக்குரிய உதவிகளை அங்கே கேட்டறியலாம். சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களுள் ஒன்று. எனவே மருத்துவ ஆவணங்கள் அனைத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

உதவிக்கு: தமிழ்நாட்டில் அவசர ஊர்திக்கு 108; மருத்துவ ஆலோசனைக்கு 104.

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.